அத்தை பார்த்த கடல்

நாங்கள் கொழும்புக்குப் போய்விட்டு வந்த செய்தி திருத்துறைப்பூண்டியில் பரவியதிலிருந்து எனக்கு வேறு வேலையே இல்லாமல் போய்விட்டது. "எந்த மாதம் போகலாம்? எங்கே தங்கலாம்? சைவச் சாப்பாடு கிடைக்குமா?" என்று தெருவில் பாதிப் பேர் வந்து விசாரித்துவிட்டார்கள். தனித் தனியாகப் பதில் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். ஆகையால் எல்லோருக்குமாகச் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

ஆனால் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. எண்பத்திரண்டு வயதான என் மாமியாரை அழைத்துக்கொண்டு போனேன். அத்தைக்குக் கொழும்பின் மேல் அறுபது வருஷத்துக் கோபம் இருந்தது.

மாமா அந்த நாளில் கொழும்புச் செட்டியார் தெருவில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். 1959-ல் கல்யாணம். மூன்றாவது மாதமே தனுஷ்கோடியில் கப்பல் ஏறித் தலைமன்னாருக்குப் போய்விட்டார். 1968-ல் வேலையை விட்டுவிட்டு வரும் வரையில், இரண்டு வருஷத்துக்கு ஒரு முறைதான் ஊருக்கு வருவார். கடிதம் மட்டும் மாதம் தவறாது. ஒவ்வொரு கடிதத்திலும் காலிமுகத்திடல் கடற்கரையைப் பற்றி இரண்டு வரி இருக்கும். 'சாயங்காலம் கடலைப் பார்த்து உட்கார்ந்தால் எதிரே நம் ஊரே தெரிகிறாற்போல் இருக்கிறது' என்று எழுதுவார்.

"நான் இங்கே அடுப்பை ஊதிக்கிட்டு இருந்தேன். அவர் அங்கே காத்து வாங்கிக்கிட்டு இருந்தார்" என்பாள் அத்தை. மாமா காலமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆன பிறகும் அந்தப் பேச்சு நிற்கவில்லை. ஒரு நாள் திடீரென்று, "அந்தக் கடற்கரையில் அப்படி என்னதான் இருக்குன்னு நானும் பார்த்துடணும்" என்றாள்.

அத்தைக்குக் கப்பலில் போகத்தான் ஆசை. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள். மழைக்காலம் வந்ததும் சில நாட்களிலேயே அது நின்றுபோயிற்று. மறுபடி ஓடத் தொடங்கியது 2024 ஆகஸ்டில். நாங்கள் புறப்பட்டதோ 2024 பிப்ரவரியில். ஆகவே திருச்சியில் விமானம் ஏறினோம். ஒரு மணி நேரம்தான். "இதுக்கா ரெண்டு வருஷம் வராம இருந்தார்?" என்று அத்தை விமானத்திலேயே ஆரம்பித்துவிட்டாள்.

இனி, கேட்டவர்களுக்கெல்லாம் நான் சொன்ன யோசனைகள்:

போவதற்கு நல்ல சமயம் தை முதல் பங்குனி வரை. நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்தால் மழை ஓய்ந்தது. அங்கே வைகாசியில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். ஆவணி வரை கடலும் சீறிக்கொண்டே இருக்கும். போவதற்கு முன்னால் இணையத்தின் மூலம் அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டும். அதன் விதிகளையும் கட்டணத்தையும் அடிக்கடி மாற்றுகிறார்கள். போன வருஷம் போனவர் சொன்னதை நம்பாமல், புறப்படும் சமயத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அங்கேயும் ரூபாய்தான், ஆனால் வேறு ரூபாய். நாங்கள் போன சமயம் நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்றரைக்கு மேல் கிடைத்தது. இது தெரியாமல் விலையைக் கேட்டால் மயக்கம் வரும். ஒரு காப்பியின் விலையைக் கேட்டுவிட்டு அத்தை, "காப்பியா, காப்பித் தோட்டமா?" என்று கேட்டாள்.

நம்மவர்கள் தங்குவதற்கு வெள்ளவத்தை சௌகரியம். தமிழ் பேசும் கடைகள், கோயில், சைவச் சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கின்றன. காலையில் இடியப்பமும் சொதியும் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். பேச்சு வேண்டுமானால் கொஞ்சம் வேறாக இருக்கும். அவர்கள் 'கதைப்பது' என்றால் பேசுவது. கதை விடுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

கோட்டையிலிருந்து கல்கிசைக்குக் கரையோரமாகவே ரயில் ஓடுகிறது. தெற்கே போகும்போது வலது கைப்பக்கம் உட்காருங்கள். ஜன்னலுக்கு வெளியே தண்டவாளம், பாறை, கடல், அவ்வளவுதான். சொற்பக் கட்டணத்தில் இதைவிடப் பெரிய வேடிக்கை அந்த ஊரில் கிடையாது. ஆபீஸ் விடும் வேளையில் மட்டும் ஏறாதீர்கள். நிற்கக்கூட இடம் இராது.

செட்டியார் தெருவில் இப்போது நகைக் கடைகளின் வரிசை. பழைய கதிரேசன் கோயிலும் புதிய கதிரேசன் கோயிலும் அங்கேதான் இருக்கின்றன. ஆடி மாதத்தில் வேல் விழா ஊர்வலம் அங்கிருந்துதான் பம்பலப்பிட்டிக்குப் புறப்படும். கொஞ்ச தூரத்தில், கொச்சிக்கடையில், சர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் எழுப்பிய பொன்னம்பலவாணேசுவரர் கோயில் இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் நம் தஞ்சாவூர்ச் சீமைக்கே வந்துவிட்ட குளுமை.

மாமா இருந்த கடையைத் தேடினோம், அடையாளமே தெரியவில்லை. பக்கத்துக் கடை வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு முதியவரிடம் விசாரித்தேன்.

"அந்தக் காலத்தில் கணக்கர்மாரெல்லாம் கடைக்குள்ளேதான் படுக்கிறது, அம்மா. பாய் விரிச்சால் கால் நீட்ட இடம் இராது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மட்டும்தான் வெளியிலே விடுவினம்" என்றார் அவர்.

அத்தை என்னைப் பார்த்தாள். "தினமும் கடற்கரைக்குப் போகலையா?" என்று மெல்லக் கேட்டாள். அவரோ அதற்குள் வாடிக்கைக்காரரைக் கவனிக்கப் போய்விட்டார்.

அன்று சாயங்காலமே காலிமுகத்திடலுக்குப் போனோம். கடலுக்கும் சாலைக்கும் நடுவே நீளமான புல்வெளி. ஓரமாகக் கல் பாவிய நடைபாதை. வானம் முழுவதும் காற்றாடிகள். 2022-ல் ஜனங்கள் கூடாரம் அடித்துத் தங்கிப் போராடியது இந்தத் திடலை ஒட்டித்தான். இப்போது பந்து விளையாடும் பிள்ளைகளும், வண்டிக்காரர்களும், குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஜோடிகளுமாக இருக்கிறது. "மழையே இல்லையே, எதுக்குக் குடை?" என்று அத்தை உரக்கக் கேட்டுவிட்டாள். நான் அவசரமாக அவளை வேறு பக்கம் திருப்பினேன்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். ஞாயிற்றுக்கிழமையும், பௌர்ணமி தோறும் வரும் போயா விடுமுறையும் கூட்டம் தாங்காது. வயதானவர்களோடு போகிறவர்கள் மற்ற நாளில் போங்கள். இரண்டாவது, வடை. தள்ளுவண்டியில் அசல் நம் பருப்பு வடைதான் அடுக்கியிருக்கும். கிட்டப் போனால் மேலே இறால் உட்கார்ந்திருக்கும். அதற்கு இஸ்ஸோ வடை என்று பெயர். அத்தை கையை நீட்டிவிட்டாள். நல்ல வேளையாக அந்தப் பையன், "அம்மா, நீங்கள் சைவமோ? அது இறால் போட்டது" என்று தமிழில் சொல்லித் தடுத்தான். அதற்குப் பதிலாக உப்பும் மிளகாய்த் தூளும் தூவிய மாங்காய் வாங்கிக்கொண்டோம்.

நடைபாதை ஓரத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. சர் ஹென்றி வார்டு என்ற கவர்னர் 1859-ல் இந்த நடைபாதையை முடித்து, கொழும்பின் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாக இதைப் பேணி வரும்படி தமக்குப் பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார். அதைப் படித்து அர்த்தம் சொன்னேன்.

"பொம்பளைகளுக்கும் பிள்ளைகளுக்கும்னு வெள்ளைக்காரனே எழுதி வச்சிருக்கான். உங்க மாமாவுக்குத்தான் படிக்கத் தெரியலை!" என்றாள் அத்தை. ஆனால் குரலில் பழைய காரம் இல்லை.

சுவரோரமாக உட்கார்ந்தோம். சூரியன் சிவந்து கடலுக்குள் இறங்கிற்று. அத்தை திடுக்கிட்டுப் போனாள். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் கோடியக்கரைக்குப் போய் முழுக்குப் போடுகிறவள் அவள். அங்கே கிழக்கே பார்த்து நின்று, 'இந்தத் தண்ணிக்கு அந்தாண்டைதான் அவர் இருக்கார்' என்று கும்பிட்டவள்.

"சூரியன் இங்கே விழுதே! அப்போ இது மேற்கா?"

"ஆமாம், அத்தை."

"நம்ம ஊர் எந்தப் பக்கம்?"

நான் வலது கைப்பக்கம், துறைமுகத்தையும் புதிதாகக் கடலைத் தூர்த்து எழுப்பும் நகரத்தையும் காட்டினேன். "அதுக்கு அப்பால், வடக்கே."

"அப்போ கடலைப் பார்த்து உட்கார்ந்தா நம்ம ஊர் தெரியாதா?"

"தெரியாது, அத்தை."

வெகுநேரம் அவள் பேசவில்லை. காற்றாடிகளை ஒவ்வொன்றாக இறக்கிச் சுருட்டிக்கொண்டு பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பினார்கள். "ஒன்பது வருஷம் தப்பான திசையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்திருக்கார், பாவம்" என்றாள் கடைசியில். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் கல்கிசைக்குப் போவதாக ஏற்பாடு. கால் நனைப்பதற்குக் காலிமுகத்திடலைவிட அதுதான் தோதான கரை. நீங்கள் போனால் தவறாமல் போய்வாருங்கள். நான் அதைப் பார்க்கவில்லை. காலையில் பலகாரம் ஆனதுமே அத்தை, "நேத்திக்குப் போன இடத்துக்கே இன்னைக்கும் போவோமா?" என்று கேட்டுவிட்டாள்.

போனோம். அதே சுவரோரம். அன்று அவள் கடலைப் பார்த்து உட்காரவில்லை. எல்லோரும் மேற்கே சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்க, அத்தை மட்டும் துறைமுகத்துப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு, விளக்கு ஏற்றும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.