குழந்தைக்கு என்ன வயசு, ஸார்?

பொம்மைக் கடையில் நுழைந்ததும் கேட்கிற முதல் கேள்வி இது. கடந்த சில வருஷங்களாக இந்தக் கேள்விக்கு நான் கூசாமல் பொய் சொல்லி வருகிறேன். ஒரு தடவை "எட்டு" என்பேன். இன்னொரு தடவை "பன்னிரண்டு" என்பேன். ஒரு நாள் சேல்ஸ் பெண், "பர்த்டே கிஃப்ட்டா, ஸார்? பேக் பண்ணித் தரட்டுமா?" என்றாள். மறுத்தால் சந்தேகம் வருமே என்று தலையாட்டினேன். ஜிகினாத் தாள், ரிப்பன், பூ எல்லாம் வைத்துக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து, எனக்கு நானே கொடுத்த பரிசை நானே பிரித்துக் கொண்டேன்.

குற்றவாளியின் விவரம்: வயது 48. உத்தியோகம், அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன். குற்றம், லெகோ கட்டை.

'பெரியவர்களுக்கு' என்றே இப்போது 18+ என்று அச்சடித்த பெட்டிகள் வருகின்றன. கௌரவமாக இருக்குமே என்று அதில் ஒன்று வாங்கினேன். பஸ் ஸ்டாப்பில் எங்கள் தெரு ரிடையர்ட் ஹெட்மாஸ்டர் பார்த்துவிட்டார். பெட்டியின் மூலையில் இருந்த 18+ மட்டும்தான் அவர் கண்ணில் பட்டது. அன்றிலிருந்து என்னைப் பார்த்தால் எதிர்ப் பக்கம் போய் விடுகிறார்.

சின்ன வயசில் குவைத் மாமா ஒரு சின்னப் பெட்டி கொண்டு வந்து கொடுத்தார். சிவப்பும் மஞ்சளுமாக நூற்றுச் சொச்சம் கட்டைகள். 1991-ல் பத்தாவது வரப் போகிறது என்றதும் அப்பா அதைப் பரணில் ஏற்றினார். "தொடாதே. விளையாட்டு சோறு போடாது" என்றார். அப்பீல் கிடையாது. அவர் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர். அவர் கொடி காட்டினால்தான் எங்கள் வீட்டில் எதுவுமே நகரும்.

களப்பிரர் காலத்தை இருண்ட காலம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, லெகோ ரசிகர்களிடமும் 'இருண்ட காலம்' என்ற வார்த்தை உண்டு. சின்ன வயசில் கட்டையைக் கீழே வைத்த நாளிலிருந்து, பெரியவனாகித் திரும்ப எடுக்கும் நாள் வரைக்கும் அதுதான் பெயர். என்னுடைய களப்பிரர் காலம் இருபத்தொன்பது வருஷம் நடந்தது. 2020 ஊரடங்கில், "சும்மாத்தானே உட்கார்ந்திருக்கீங்க, பரணையாவது ஒழியுங்க" என்று என் சகதர்மிணி உத்தரவிட்டாள். ஒழித்தேன். பெட்டி கிடைத்தது. அவ்வளவுதான், அன்று ராத்திரி சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவில்லை.

இந்தச் சமாசாரத்தைக் கொண்டுவந்தவர் டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற ஊரில் இருந்த ஒரு தச்சர், ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன். 1932-ல் மர பொம்மை செய்ய ஆரம்பித்தார். பிறகு வைத்த பெயர்தான் லெகோ. 'நன்றாக விளையாடு' என்கிற இரண்டு டேனிஷ் வார்த்தைகளின் சுருக்கம். மேலே குமிழ், உள்ளே குழாய் என்று இப்போது இருக்கிற பிளாஸ்டிக் கட்டைக்கு அவர் மகன் 1958 ஜனவரி 28-ம் தேதி பேட்டன்ட் கேட்டார். அந்தக் குழாய்தான் சூட்சுமம். பசை வேண்டாம், ஆணி வேண்டாம், 'டிக்' என்று பிடித்துக் கொள்ளும். இழுத்தால் விட்டுவிடும். 1958 கட்டையும் இன்றைக்கு வாங்கின கட்டையும் ஒன்றோடு ஒன்று சேரும். எத்தனை குடும்பத்தில் அப்பன், பிள்ளையைப் பற்றி இப்படிச் சொல்ல முடியும்?

எட்டுக் குமிழ் கட்டை இரண்டை 24 விதமாகச் சேர்க்கலாம். மூன்றை 1,060 விதமாக. ஒரே கலரில் ஆறு கட்டை இருந்தால் 10,29,81,500 விதம் என்று கம்பெனியே சொல்லிக் கொண்டிருந்தது. ஸோரன் ஐலர்ஸ் என்ற டேனிஷ் கணிதப் பேராசிரியர், அது கோபுரமாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதற்கு மட்டும் போட்ட கணக்கு என்று கண்டுபிடித்தார். சரியான விடை 91,51,03,765! வித்தியாசம் எண்பத்தோரு கோடிக்கு மேல். எங்கள் செக்‌ஷனில் எண்பத்தோரு ரூபாய் உதைத்தால் மூன்று பேருக்கு மெமோ.

ஆரம்பத்தில் பெட்டியில் இருந்த படத்தைப் பார்த்து அப்படியே கட்டினேன். அது சமையல் புத்தகத்தைப் பார்த்து சாம்பார் வைக்கிற மாதிரி. தப்பு வராது, கைமணமும் வராது. நாமே யோசித்து, நாமே வரைந்து, நாமே கட்டுவதற்கு 'மாக்' என்று பெயர். 'என் சொந்தப் படைப்பு' என்பதன் இங்கிலீஷ் சுருக்கம். அதில் இறங்கினவன் கரையேறுவதில்லை.

வரைவதற்குக் கம்ப்யூட்டர் இருக்கிறது. 1995-ல் ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன் என்ற ஆஸ்திரேலிய இளைஞர், லெகோ கட்டைகளைத் திரையில் அடுக்கிப் பார்க்க 'எல்ட்ரா' என்ற புரோகிராமை எழுதி இலவசமாகவே கொடுத்தார். 1997-ல் சின்ன வயசிலேயே இறந்து போனார். அவர் வகுத்த முறையில்தான் இன்றைக்கும் உலகம் முழுக்கப் பலர் தங்கள் டிசைன்களை எழுதி ஒருவருக்கொருவர் கொடுத்துக் கொள்கிறார்கள். பார்த்திராத மனுஷனுக்கு ராத்திரி பதினோரு மணிக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போடுவேன்.

சரி, எதைக் கட்டுவது? யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எனக்கு ஆறு வயசு வரை நாங்கள் இருந்தது தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு சின்ன மீட்டர்கேஜ் ஸ்டேஷன். அப்பாதான் மாஸ்டர். பிராட்கேஜ் ஆக்கினபோது கட்டடத்தை இடித்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது ஒரே ஒரு போட்டோ. அதிலும் குடும்பம் பூரா வரிசையாக நின்று ஸ்டேஷனை மறைத்துக் கொண்டிருந்தோம்! பெரியப்பாவின் காதுக்குப் பக்கத்தில் கொஞ்சம் ஓட்டுக் கூரை தெரிந்தது. அதை வைத்துக் கொண்டு ஆரம்பித்தேன்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. குமிழுக்குக் குமிழ் 8 மில்லிமீட்டர். மெல்லிசுத் தட்டு ஒன்றின் உயரம் 3.2. ஐந்து தட்டு அடுக்கினால் 16, இரண்டு குமிழின் அகலமும் 16. ஆகவே ஒரு பகுதியைப் பக்கவாட்டில் சாய்த்துச் செருகினாலும் கச்சிதமாக உட்காரும். ஜன்னல் கம்பி, சீமை ஓடு, பெஞ்சு எல்லாம் இந்த வித்தையில்தான் வந்தன. மொத்தம் 1,286 பீஸ். சிங்கப்பூரில் இருக்கிற அக்கா பிள்ளை, பழைய கட்டைகளைக் கிலோ கணக்கில் வாங்கி அனுப்பினான். ஹாலில் சிதறின ஒரு கட்டையைச் சகதர்மிணி இருட்டில் மிதித்தாள். அவள் அன்று சொன்னதை இங்கே எழுத முடியாது. நெருஞ்சி முள் எவ்வளவோ தேவலை.

ஐந்து மாதம் ஆயிற்று. கட்டி முடித்ததும் ஒரு புது வியாதி வந்தது. யாராவது பார்க்க வேண்டுமே! கம்பெனியே 'லெகோ ஐடியாஸ்' என்று ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது. நம் டிசைனுக்கு 10,000 பேர் ஆதரவு கிடைத்தால் பரிசீலிப்பார்கள். தேர்வானால் நிஜமாகவே பெட்டியில் போட்டு விற்பார்கள், நிகர விற்பனையில் நமக்கு ஒரு சதவீதம். அசோசியேஷன் செக்ரட்டரி தேர்தலில் நான் வாங்கின ஓட்டு பதினாலு. அதில் ஒன்று என்னுடையது. அதனால் பத்தாயிரத்தை விட்டுவிட்டு, வீடு தேடி வந்து பார்ப்பதற்கு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிற ஏற்பாட்டுக்குப் போனேன்.

கொலு!

படிக்குக் கீழே பார்க் கட்டுவது காலம்காலமாக வீட்டு ஆம்பிளைகளின் இலாகா. கேழ்வரகு முளைக்க வைத்து வயல், கண்ணாடித் துண்டில் குளம். போன நவராத்திரியில் அந்த வயலுக்கு நடுவில் என் ஸ்டேஷனை வைத்தேன். முன்னால் ஒரு அட்டை, 'தயவுசெய்து தொடாதீர்கள்.' சிக்னல் கையை மேலே தூக்கி, வண்டி வரலாம் என்று வைத்திருந்தேன்.

வந்தவர்கள் பார்த்தார்கள். "ரெடிமேடா வாங்கினதா?" என்றார் ஒருவர். "எவ்வளவு ஆச்சு?" என்றார் இன்னொருவர். பக்கத்து வீட்டுப் பாட்டி, "நல்லா இருக்குப்பா. சுண்டல்ல இன்னும் கொஞ்சம் தேங்காய் போட்டிருக்கலாம்" என்றார்.

மூன்றாம் நாள் ராத்திரி, கூட்டம் கலைந்த பிறகு அப்பா வந்தார். வயசு 84. என் கட்டை விவகாரத்தைப் பற்றி அதுவரை அவர் ஒரு வார்த்தை பேசினதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக் கொண்டு கொலு முன்னால் உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக் கொண்டார். ரொம்ப நேரம் பார்த்தார். எனக்குப் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் நீட்டின ஞாபகம் வந்தது. சட்டென்று குனிந்து சிக்னலைப் பிடுங்கினார்.

"அப்பா! தொடாதீங்க!" என்று கத்திவிட்டேன்.

கத்தின பிறகுதான் உறைத்தது. அந்தக் குரலை நான் முன்னமே கேட்டிருக்கிறேன். 1991-ல், பரணுக்குக் கீழே நின்றுகொண்டு.

அப்பா கண்டு கொள்ளவில்லை. "சிக்னல் யார் வச்சது?"

"நான்தான்."

"மேலே தூக்கற கையும் உண்டுடா, வேற லைன்ல. என் ஸ்டேஷன்ல கை கீழே இறங்கினாத்தான் வண்டி வரலாம். நேரா இருந்தா நில்லு. கம்பி அறுந்து போனாக்கூட எடைக்கல் இழுத்துக் கையை நேரா நிறுத்திடும். தப்பு நடந்தா வண்டி நிக்கணும், ஓடக் கூடாது. அதுக்காகத்தான் அந்த ஏற்பாடு. அப்புறம், ஹோம் சிக்னலைக் கொண்டு வந்து பிளாட்ஃபாரத்து மேல வைப்பாங்களா எவனாவது?"

"கொலுவில் இடம் இல்லைப்பா."

கொஞ்சம் யோசித்தார். "சரி, இதை ஸ்டார்ட்டர்னு வச்சுக்கோ."

பேப்பர், பேனா கேட்டார். 'குறைபாடுகள்' என்று தலைப்புப் போட்டு, கோடு அடித்து, ரயில்வே ரிப்போர்ட் மாதிரியே எழுதினார். டோக்கன் மெஷின் இல்லை. டிரைவருக்கு நீட்டும் பிரம்பு வளையம் இல்லை. மணி இருக்கிறது, அடிக்கச் சுத்தி இல்லை. தண்ணீர்ப் பானை வைக்கும் இடம் தவறு. வேப்பமரம் இல்லை. மொத்தம் பதினோரு அயிட்டம். ஐந்து மாதம் அந்த ஒற்றைப் போட்டோவில் பெரியப்பா காதையே பார்த்துக் கொண்டிருந்தேன். அந்த ஸ்டேஷனை ஒரு அங்குலம் விடாமல் தெரிந்த மனுஷர் அடுத்த ரூமில் ரேடியோ கேட்டுக் கொண்டிருந்தார். கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால், 'விளையாட்டு சோறு போடாது' என்பாரோ என்று பயம், வேறென்ன?

கட்டை டப்பாவைக் கொண்டு வந்து வைத்தேன். சிக்னல் கையை அப்பாவே மாட்டினார். விரல் நடுங்கியது. இரண்டு தடவை நழுவியது. நான் கை நீட்டினேன், "இரு" என்றார். மூன்றாம் தடவை 'டிக்'. கையைக் கீழே இறக்கிப் பார்த்தார், நேராக நிறுத்திப் பார்த்தார், மறுபடி இறக்கினார். "ஒரு தடவை மழையில..." என்று ஆரம்பித்தார். படுக்கும்போது மணி ஒன்றரை. அந்த மழைக் கதையை நான் நாற்பத்தெட்டு வருஷத்தில் கேட்டதே இல்லை.

காலையில் அட்டையை எடுத்துவிட்டேன். அடுத்த ஆறு நாளும் பிள்ளைகள் தொட்டார்கள், பிரித்தார்கள், மாற்றினார்கள். எதிர்வீட்டுப் பொடியன் ஸ்டேஷன் கூரை மேல் ஒரு முதலையை ஏற்றினான். அப்பா அதற்கு டிக்கெட் கேட்டார். டிசைனை அக்கா பிள்ளைக்கும் அனுப்பினேன். சிங்கப்பூரில் அவன் வீட்டிலும் ஒரு ஸ்டேஷன் எழும்பியிருக்கிறது. அங்கே வேப்பமரம் இரண்டாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

போன சனிக்கிழமை மறுபடியும் அதே கடை. லெவல் கிராசிங் பாக்கி இருக்கிறது என்று மேலிடத்து உத்தரவு. அதே சேல்ஸ் பெண். அதே கேள்வி.

"குழந்தைக்கு என்ன வயசு, ஸார்?"

முதல் தடவையாக உண்மையைச் சொன்னேன்.

"எண்பத்து நாலும்மா. கிஃப்ட் பேக் வேண்டாம், அவரால் பொறுக்க முடியாது."