கொம்பு விளையாட்டு: ஒரு மதிப்பீடு

கணினித் திரையிலே படை வகுத்தாடும் இளைஞர், தமக்குகந்த கதையொன்றை எடுத்துத் தாமே புதிய ஆட்டம் ஆக்கிக்கொள்வதைக் காண்கின்றோம். எம் பெரியகல்லாறு அமைந்த வாவிப் பிரதேசத்துக்கு இது புதிதன்று. மட்டக்களப்பிற் கண்ணகியம்மன் பொருட்டு ஆடப்பட்டுவரும் கொம்பு விளையாட்டும் அத்தகையதே. கோவலனும் கண்ணகியும் செண்பகப் பூக் கொய்கையில் அவர்தம் கொக்கைத் தடிகள் சிக்குண்டன என்பது வழங்கும் கதை. சிலப்பதிகாரத்தில் இக்காட்சி இல்லை; கதையில் மனம் பறிகொடுத்த மக்கள் தாமே புனைந்துகொண்டது.

ஊர் இரண்டாகும். வடசேரியார் கோவலன் பக்கம். தென்சேரியார் கண்ணகி பக்கம். வளைந்த கொம்பிரண்டைக் கொளுவி, வடம் பூட்டி, ஒன்று முறியும்வரை இழுப்பர். ஆள்வலி மாத்திரம் போதாது. வைரமேறிய கொம்பைத் தேர்வதிலும், அதனைப் பொருத்தும் வகையிலுமே நுட்பம் இருக்கின்றது. சிங்கள மக்கள் பத்தினித் தெய்வத்துக்கு ஆடும் அங்கெலியவும் இதன் உடன்பிறப்பே.

தோற்றவரை நோக்கிப் பாடும் வசைக்கவியை நாம் அத்துணை மெச்சோம். ஆயினும், தோற்றவர் இழப்பது ஒரு தடியே. படையாட்டங்களுள் இதனினும் மேலான விதியை நாம் அறியோம்.

வித்துவான் வீ. சீ. கந்தையா 1964இல் வெளிவந்த 'மட்டக்களப்புத் தமிழக'த்தில் இதனை எழுதிவைத்தார். விதிகளை அந்நூலிற் கற்கலாம். கொம்பு கொளுவும் கைப்பழக்கமோ முதியோரிடமே உள்ளது. விடுமுறைக்கு ஊர் திரும்பும் மாணவர் அவர்களைக் கண்டு கேட்பாராக.