குன்னூரில் எஞ்சின் மாற்றுகிறார்கள்

என் அக்காவுக்குக் கோத்தகிரிப் பக்கம் கொஞ்சம் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. பச்சை இலை விற்ற காசில் இரண்டு வருஷம் சீட்டுக் கட்டி, சென்ற ஆண்டு மகனுக்கு ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுத்தாள். இன்ன லேப்டாப் என்று தேர்ந்தெடுத்த மகானுபாவன் அடியேன்தான். கதை எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்பது அக்காவின் நம்பிக்கை. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"கிராபிக்ஸ் கொஞ்சம் மட்டம்தான் சார். பின்னால் மாற்றிக்கொள்ளலாம்" என்றார் கடைக்காரர். நானும் மேதாவிபோல் தலையை ஆட்டினேன்.

பையனுக்கு அனிமேஷன் பைத்தியம். தேயிலைச் சரிவின்மேல் மேகம் இறங்குவதை ஒரு நிமிஷப் படமாகச் செய்து, கல்லூரிக்கு அனுப்ப வேண்டும். விநாடிக்கு 24 வீதம் 1,440 படங்கள். ஒரு படத்தைத் தீட்ட அந்த யந்திரம் ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்டது. ஓயாமல் ஓடினாலும் ஐந்து முழு நாட்கள்! கெடுவோ மூன்று வாரம்.

"கிராபிக்ஸை மாற்றிவிடலாமா, மாமா?" என்றான்.

குன்னூரில் பழுது பார்ப்பவர் அடிமூடியைக் கழற்றிக் காட்டினார். "ரேமை மாற்றலாம், டிஸ்கை மாற்றலாம். இந்தச் சிப்பை போர்டோடு பற்றவைத்துவிட்டார்கள். போர்டையே மாற்றுகிற செலவுக்குப் புதிதே வாங்கிவிடலாம். வெளியே பெட்டி வைத்து இணைக்கலாமென்றால், அதற்கு வேண்டிய தண்டர்போல்ட் இதில் இல்லை, சார்."

எனக்கு முகம் சுண்டிவிட்டது.

பிறகு விசாரித்தேன். கழற்றி மாட்டுகிற கிராபிக்ஸ் அட்டையை எம்.எக்ஸ்.எம். என்ற பெயரில் என்விடியா 2004-லேயே கொண்டுவந்ததாம். ஆனால் லேப்டாப்புகள் மெலிந்துகொண்டே போயின. அட்டைக்கு உயரம் வேண்டும். சூட்டை இழுக்கும் குழாய்களோ மாடலுக்கு மாடல் வேறு. பெரும்பாலோர் அதைக் கைவிட்டார்கள். 2024-ல் வந்த ஃப்ரேம்வொர்க் லேப்டாப் 16 ஒரு விதிவிலக்கு. 2025-ல் அதே உடலுக்குப் புதிய கிராபிக்ஸ் பகுதியை அறிவித்தார்கள்.

கடையிலிருந்து திரும்பும்போது ரயில் நிலையத்தில் சற்று நின்றோம். மேட்டுப்பாளையம் வண்டி வந்திருந்தது. கல்லாறிலிருந்து பல்சக்கரப் பாதையில் பின்னாலிருந்து தள்ளி வந்த நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு, டீசல் எஞ்சினை மாட்டினார்கள். பெட்டிகள் அதே பெட்டிகள். வண்டி ஊட்டிக்குக் கிளம்பிவிட்டது.

"அதற்குக் கொக்கி வைத்திருக்கிறார்கள், மாமா" என்றான் பையன்.

சுருக்கென்றது. பின்னால் மாற்றிக்கொள்வது பின்னால் தீர்மானிக்கிற காரியமல்ல. செய்கிற அன்றே இடம் விட்டிருக்க வேண்டும். வாங்குகிற அன்றே அதைக் கேட்டிருக்கவும் வேண்டும்.

அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். அவள் கோபிக்கவில்லை. "இருக்கிறதை வைத்து முடியாதா?" என்று மட்டும் கேட்டாள்.

முடிந்தது. விசிறியில் அடைந்திருந்த தூசியைத் துடைத்து, சிப்புக்குப் புதுப் பசை தடவினோம். பகலில் அவன் திருத்துவான். இரவு பத்து மணி நேரம் யந்திரம் தீட்டும். அதற்கு வேண்டிய குளிரை மலை இலவசமாகக் கொடுத்தது. பன்னிரண்டு இரவில் மேகம் இறங்கிவிட்டது!

கல்லூரியின் பதில் இன்னும் வரவில்லை. அக்கா தினமும் அந்த ஒரு நிமிஷத்தைப் போட்டுப் பார்க்கிறாள். "நம்ம சரிவுதான்" என்கிறாள்.