ஒரு இஞ்ச் உள்ளே

ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை இன்றைய பிள்ளைகள் பழைய சினிமாவில்தான் பார்த்திருப்பார்கள். இங்கிலாந்தில் 1959-ல் 'ட்ரையம்ஃப் ஹெரால்டு' என்று பிறந்தது. டிசைன் போட்டவர் மிக்கெலாட்டி என்ற இத்தாலிக்காரர். 1961-ல் நம்ம வண்டலூரில் தயாராக ஆரம்பித்தபோது 'ஸ்டாண்டர்டு' என்று இனிஷியல் மாற்றிக்கொண்டது. 948 சி.சி. எஞ்சின். பானெட்டைத் திறந்தால் மட்கார்டு, ஹெட்லைட்டோடு மொத்த முகமும் முன்பக்கம் கவிழ்ந்து வணக்கம் சொல்லும்.

இன்னொரு விசேஷம் மெக்கானிக்குகளுக்கு மட்டுமே தெரியும். பெரும்பாலான பழைய கார்களில் கியர்பாக்ஸைக் கழற்ற அடியில் படுக்க வேண்டும். ஹெரால்டில் முன்சீட்டுகளைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு, நடுவில் இருக்கிற மேட்டின் மூடியைக் கழற்றினால், கீழே கியர்பாக்ஸ். காருக்குள்ளேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். ஆனால், தூக்கி எடுக்க எதிரும் புதிருமாக இரண்டு பேர் வேண்டும்.

அந்த இரண்டு பேரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

திருச்சி உறையூரில் என் பெரியப்பா ஒரு ஹெரால்டு வைத்திருந்தார். 2002-ல் அவர் போனபிறகு ஷெட்டில் நின்ற கார், நின்றது நின்றதுதான். அவருக்கு இரண்டு மகன்கள். எனக்கு ஒருவர் அண்ணன், ஒருவன் தம்பி. வீட்டைப் பாகம் பிரித்ததில் முட்டிக்கொண்டு, நாலு வருஷமாகப் பேச்சு இல்லை. கல்யாணப் பந்தியில்கூட ஒருவர் எழுந்த பிறகுதான் இன்னொருவர் உட்காருவார்.

போன வருஷம் ஷெட் இருந்த மனை கைமாறியது. காரை எடைக்குப் போடுவதென்று முடிவு. பெரியம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். ''எடைக்குப் போடறதுக்கு முன்னால, யாருக்காவது உபயோகப்படற மாதிரி அதுல ஏதாவது இருக்கான்னு பாருங்கடா.''

விசாரித்ததில், மதுரையில் ஒருவர் தன் ஹெரால்டுக்கு கியர்பாக்ஸ் கிடைக்காமல் அலைகிறார் என்று தெரிந்தது. ஹெரால்டுகளோடு இளமையைக் கழித்த ஒரு மெக்கானிக் பாயைப் பிடித்தோம். எழுபது வயதுக்கு மேல். பெரியம்மா, ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவரையும் வரச் சொல்லியிருந்தார். இருவரும் வந்தார்கள். ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள்.

பாய் எஞ்சினைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ''சீஸ் ஆயிடுச்சு.'' ஓடாமல் நிற்கிற எஞ்சினுக்குள் ஈரம் இறங்கினால், பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் துருவேறி ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். பிளக்கைக் கழற்றி, எண்ணெய் ஊற்றி, நாள் கணக்கில் ஊறவிட்டால் சிலது விட்டுக்கொடுக்கும். இது விடாத ரகம்.

முதல் வேலை, காரை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது. காற்றடித்து, பிரேக் டிரம்மைத் தட்டி, ஹேண்ட்பிரேக் கேபிளை அறுத்து, நாலு பேர் பின்னால் இழுத்தோம். அசையவில்லை. பெரியப்பாவுக்கு கியரில் போட்டு நிறுத்துகிற பழக்கம். கியர் விழுந்திருக்கிறது, கிளட்ச் ஒட்டிக்கொண்டிருக்கிறது, எஞ்சின் சுற்றாது. அப்புறம் சக்கரம் எப்படிச் சுற்றும்? நியூட்ரல் செய்யப் பார்த்தால் லீவர் கல்லாக நின்றது.

''எல்லாரும் வெளிய இழுத்தா எப்படி வரும்? பல்லு மேல பல்லு டைட்டா உட்கார்ந்திருக்கு. ஒரு இஞ்ச் உள்ள தள்ளுங்க'' என்றார் பாய்.

வெளியே எடுக்க வேண்டிய காரை உள்ளே தள்ளுவதா? தள்ளினோம். பல் மீதிருந்த அழுத்தம் விலகிய அந்த நொடியில் பாய் லீவரைத் தட்டினார். 'டக்'. நியூட்ரல். கார் சாதுவாக வெளியே வந்தது.

அப்புறம் வரிசையாக வேலை. சீட், மூடி, ஸ்பீடாமீட்டர் கேபிள், கிளட்ச் சிலிண்டர், ஸ்டார்ட்டர் மோட்டார். பின்சக்கரத்துக்குப் போகிற புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நாலு போல்ட். கியர்பாக்ஸ் போய்விட்டால் எஞ்சினின் பின்பக்கம் தாங்க ஆளில்லாமல் சரியும் என்பதால் அதன் அடியில் ஒரு கட்டையும் ஜாக்கியும். பெல் ஹவுஸிங் போல்ட் எல்லாம் கழன்றாயிற்று. இழுத்தால் வரவில்லை. கிளட்ச் பிளேட்டுக்குள் நுழைந்திருக்கும் ஷாஃப்ட், துருவில் பிடித்துக்கொண்டிருந்தது.

ஆட்டோமேட்டிக் கார் என்றால் இந்த இடத்துக்கு வருவதற்குள்ளேயே தாவு தீர்ந்திருக்கும். அதில் டார்க் கன்வெர்ட்டர் போல்ட்டுகளை எஞ்சினைச் சுற்றிச் சுற்றி ஒவ்வொன்றாக ஓட்டைக்கு நேரே கொண்டுவந்து கழற்ற வேண்டும். சுற்றாத எஞ்சினை எப்படிச் சுற்றுவது? மேனுவல் கியரில் அந்த வம்பு கிடையாது.

பாய் சிரித்தார். ''எஞ்சின் சீஸ் ஆனது இப்ப நமக்கு நல்லது'' என்றார். கிளட்ச் சிலிண்டர் இருந்த ஓட்டை வழியாக எண்ணெய் பீய்ச்சினார். கியரை டாப்பில் போட்டார். கியர்பாக்ஸின் பின்பக்க ஃபிளாஞ்சில் நீளக் கம்பியைக் கொடுத்து, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் முறுக்கினார். எஞ்சின் நகராது. அதோடு ஒட்டிய கிளட்ச் பிளேட்டும் நகராது. ஷாஃப்ட் மட்டும்தான் நகர்ந்தாக வேண்டும். செத்துப்போன எஞ்சின், வைஸ் மாதிரி பிடித்துக்கொள்கிறது! கொஞ்ச நேரத்தில் 'கிர்க்' என்று துரு உடைந்தது.

''ரெண்டு பேர் உள்ள வாங்க. எடை ஷாஃப்ட்ல தொங்கக் கூடாது. நேரா பின்னால வரணும்.''

பாய்க்குக் குடும்பக் கதை தெரியாது. பக்கத்தில் நின்ற இருவரைக் கை காட்டினார். அண்ணன் டிரைவர் பக்கம், தம்பி இந்தப் பக்கம். சின்ன வயசில் யார் முன்சீட் என்று அடித்துக்கொண்ட அதே இடம். முட்டியும் முட்டியும் இடிக்க, முகம் பார்க்காமல் உட்கார்ந்தார்கள்.

''பிடி.''

''பிடிச்சிருக்கேன்.''

''உன் பக்கம் தாழுது.''

''இரு... ம், இப்ப.''

நாலு வருஷத்தில் அவர்கள் பேசிய முதல் நாலு வசனம். கியர்பாக்ஸ் வழுக்கிக்கொண்டு வந்தது. வாசலில் நின்ற பெரியம்மா, கியர்பாக்ஸைப் பார்க்கவே இல்லை.

அன்றோடு எல்லாம் சரியாகி, இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை. கை கழுவினார்கள், காபி குடித்தார்கள், தனித்தனியாகப் போனார்கள். ஹெரால்டு மறுநாள் எடைக்குப் போனது.

ஒரு மாசம் கழித்துத் தம்பி போன் செய்தான். பேச்சு வாக்கில் சொன்னான். ''நேத்து அண்ணன் கூப்பிட்டான். மதுரைக்காரர் கியர்பாக்ஸை மாட்டிட்டாரா, ஓடுதான்னு கேட்டான்.''

''நீ என்ன சொன்னே?''

''ஓடுதாம்னு சொன்னேன்.''

''வேற?''

''வேற ஒண்ணுமில்ல. வெச்சுட்டான்.''

வீட்டுப் பாகத்தில் இருவரும் இன்னமும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால், அந்த போன் இருக்கிறதே... யாரோ ஒரு இஞ்ச் உள்ளே தள்ளியிருக்கிறார்கள்.