கோயில் பின்னால ரெண்டு கோல் கம்பம்



வழக்கமா நான் இங்க போடுறது அன்னதானக் கணக்கு, உபயகாரர் பட்டியல், அடுத்த வெள்ளிக்கு எத்தனை தேங்காய் தேவை, இவ்வளவுதான். இன்னிக்குக் கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்குங்க. ஆலயத்துக்குப் பின்னால கார் நிறுத்துற இடத்துல ரெண்டு சின்ன கோல் கம்பம் நிக்குது. அது எதுக்குன்னு நாலு பேர் வாட்சாப்புல கேட்டாச்சு. ஒரு பெரியவர் நேர்லயே கேட்டார், கொஞ்சம் கோவமாவே. தனித்தனியா பதில் சொல்றதவிட ஒரேடியா எழுதிடலாம்னு உட்கார்ந்திருக்கேன்.

பதில் எங்க அப்பாகிட்ட இருந்து தொடங்குது.

அப்பா ஆயர் தாவார் பக்கம் ஒரு தோட்டத்துல பால் மரம் வெட்டினவர். விடியிறதுக்கு முன்னாலயே பெரட்டுக்குப் போயிடுவார். இருட்டுல தலையில விளக்கு கட்டிக்கிட்டு மரம் மரமா நடப்பார். அப்புறம் பால் எடுத்து, ஸ்டோருல நிறுத்துக் கொடுத்துட்டு வீட்டுக்கு வந்தா உடம்பெல்லாம் பால் வாடை. சவுக்காரம் போட்டுக் குளிச்சாலும் போகாது. மழை பெஞ்சா வெட்டு கிடையாது, அன்னிக்கு வருமானமும் கிடையாது. ஆனா பிள்ளைங்களுக்கு அப்பா கிடைக்கிறது மழை நாள்லதான். அதனால மழை வந்தா அம்மா முகம் வாடும், எங்களுக்குக் கொண்டாட்டம்.

எங்க முதல் பந்து ஒட்டுப்பால்ல செஞ்சது. மரத்து வெட்டுல காஞ்சு ஒட்டியிருக்கிற பாலை நாடா மாதிரி உரிச்சு, சுத்திச் சுத்தி உருண்டையாக்கணும். நல்லா எகிறும். காலுல பட்டா கல்லு பட்ட மாதிரி இருக்கும். ஒட்டுப்பாலும் நிறுவைக்குப் போற பொருள், அதுக்கும் காசு உண்டு. கங்காணி பாத்தா திட்டுவார். அப்பா பாத்தா இன்னும் ரெண்டு சுத்து சுத்திக் கொடுப்பார்.

தோட்டத்துல மாரியம்மன் கோயில், அதுக்கு முன்னால திடல், ஒரு ஓரத்துல தமிழ்ப்பள்ளி, அந்தாண்ட லயம். எல்லாம் ஒரு கூப்பிடு தூரம். எங்கள யாரும் "கோயிலுக்கு வா"ன்னு கூப்பிட்டதா ஞாபகமே இல்ல. பந்து ஆடிட்டு இருக்கும்போதே மணி அடிக்கும். கால் கழுவிட்டு உள்ள போனா சுண்டல். சுண்டல் வாங்கிட்டு வெளிய வந்தா வெளிச்சம் இருக்குற வரைக்கும் மறுபடியும் பந்து. திருவிழா வந்தா அதே திடல்ல பந்தல், அதே திடல்ல தோட்டத்துக்குத் தோட்டம் காற்பந்துப் போட்டி. பந்தல் போட்டவனும் கோல் போட்டவனும் ஒரே ஆளு.

அப்புறம் ரப்பர் போச்சு, செம்பனை வந்துச்சு. சில தோட்டங்களைத் துண்டு போட்டு வித்தாங்க. ஜனங்க சித்தியவான், லூமுட்டு பக்கம் தாமான் தாமானா வந்து சேர்ந்தாங்க. 1980கள்ல கடற்படைத் தளம் இங்க வந்த பிறகு கப்பல் வேலையும் வந்துச்சு. நான் வெல்டிங் பிடிச்சது அப்படித்தான். சாமியை எப்படியோ தூக்கிட்டு வந்து கோபுரம் கட்டிட்டோம். திடலைத் தூக்கிட்டு வர முடியல.

சரி, சாப்பாட்டுக்கு வரேன். அதுவும் இந்தக் கதையில சேர்ந்ததுதான்.

எங்க பாட்டி மரவள்ளிக்கிழங்கைக் கையால தொட மாட்டாங்க. ஜப்பான்காரன் காலத்துல, 1942ல இருந்து 1945 வரைக்கும், அரிசி கிடைக்காம கிழங்கையே தின்னு உயிர் பொழச்சவங்க. தோட்டத்து ஆம்பளைங்கள சயாம் ரயில் பாதைக்குப் பிடிச்சுட்டுப் போனது அந்தக் காலந்தான். எங்க குடும்பத்துலயும் போனவர் ஒருத்தர் திரும்பி வரல. பாட்டி அதப்பத்தி அதிகம் பேச மாட்டாங்க. தட்டுல ஒரு பருக்கை மிஞ்சினா மட்டும் பேசுவாங்க. இப்ப என் மக, பத்து வயசு, அதே மரவள்ளியை அவிச்சு தேங்காப்பூ போட்டுக் கொடுத்தா உயிரை விடுவா. பாட்டி இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாங்களோ.

வீட்டுக்காரம்மா தோசை நல்லா சுடுவாங்க. ரெண்டு சட்னி, ஒரு சாம்பார். நம்ம பிள்ளைங்க அதையெல்லாம் ஒதுக்கி வெச்சுட்டு கம்போங் கோ சில்லி சாஸ் பாட்டிலைத் தூக்குவாங்க. பூண்டு வாசம் தூக்கலா இருக்குமே, அதுதான். முதல்ல எனக்குப் பொறுக்கல. இப்ப நானும் வடைக்கு அதைத்தான் தொட்டுக்கிறேன். பக்கத்து ஊர்ச் சரக்கு, தப்பில்ல. வெள்ளிக்கிழமை சைவம். மத்த நாள் பங்கோர் நெத்திலி சம்பல். மூத்தவன் ஜொகூர்ல வேலை. போன் பண்ணினா "எப்படிடா இருக்க"ன்னு நான் கேக்குறதுக்கு முன்னால, "இன்னிக்கு என்னப்பா சமையல்?"னு அவன் கேட்டுடுவான். அவனுக்கு வீட்டு ஞாபகம் வந்திருக்குன்னு அதுலயே தெரிஞ்சுக்குவேன்.

விளையாட்டுல எங்க அப்பாவுக்கு ஹாக்கிதான் உசுரு. 1975ல கோலாலம்பூர்ல உலகக் கிண்ணம் நடந்துச்சு. நம்ம குழுவுக்குத் தலைவர் ஸ்ரீ சண்முகநாதன். அரை இறுதியில இந்தியாவோட மோதி, கடைசி நேரம் வரைக்கும் 2-1னு முன்னால நின்னு, அப்புறம் அஸ்லாம் ஷேர் கான் ஒரு கோல் அடிச்சுச் சமமாக்கி, கூடுதல் நேரத்துல 3-2னு தோத்துட்டோம். இந்தியா அந்தக் கிண்ணத்தையே ஜெயிச்சுது. லயத்துல பாதிப் பேரு, "நம்ம ஊரு ஜெயிச்சுடுச்சு"ன்னு சந்தோஷப்பட்டாங்களாம். அப்பா மட்டும், "எதுடா உங்க ஊரு?"ன்னு கேட்டுட்டு அன்னிக்கு ராத்திரி சாப்பிடாமப் படுத்தாராம். இத அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எனக்கு ஆர். ஆறுமுகம். கோல் காவலர். கை நீளமா இருந்ததால 'ஸ்பைடர்மேன்'னு பேரு. 1980ல தென் கொரியாவை 2-1னு ஜெயிச்சு மாஸ்கோ ஒலிம்பிக்குத் தகுதி வாங்கிக் கொடுத்த குழுவுல இருந்தவர். அந்த ஒலிம்பிக்கை நம்ம நாடு புறக்கணிச்சதால குழு போகல. 1988ல கார் விபத்துல போயிட்டார். அன்னிக்குத் தோட்டத்துல யாரும் பந்தைத் தொடல. 2016ல 'ஓலா போலா' படம் வந்தப்ப பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போனேன். பாதிப் படத்துல சின்னவன் திரும்பி என்னைப் பாத்தான், நான் கண்ணைத் துடைக்கிறேனான்னு. இன்னொருத்தர் ஜி. சரவணன். 1998ல கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில 50 கிலோமீட்டர் நடைப்போட்டியில தங்கம் வாங்கினார். காவடி தூக்குறதுக்கு முன்னால "கால் வலிக்கும்ணே"ன்னு சொல்ற தம்பிகளுக்கு நான் சொல்ற பேரு இதுதான்.

இனி சின்னவன் கதை. வயசு 16. எந்நேரமும் காற்பந்துதான். பத்து வயசு வரைக்கும் என் மோட்டார்ல முன்னால உக்காந்து கோயிலுக்கு வந்தவன், பதிமூணுல இருந்து மெல்ல மெல்ல நின்னுட்டான். சண்டை எதுவும் இல்ல. ஞாயித்துக்கிழமை காலையில பயிற்சி, சாயங்காலம் கூட்டாளிங்க. கமிட்டி அண்ணன் ஒருத்தர், "என்னய்யா, உங்க பையன் ஆளையே காணோம்? தொண்டர் வீட்டுப் பிள்ளையே வரலைன்னா மத்தவன் எப்படி வருவான்?"னு கேட்டார். கேட்டதுல நியாயம் இருக்கு. ஆனா அவர் வீட்டுப் பிள்ளையும் வர்றதில்ல. என் கூடத் தொண்டு செய்யிற பத்துப் பேர்ல எட்டுப் பேருக்கு வயசு 45க்கு மேல. அண்டாவைத் தூக்கினா எல்லாருக்கும் இடுப்பு பிடிக்குது.

நான் பாத்த வரைக்கும் பிள்ளைங்களுக்கு சாமி மேல வெறுப்பு இல்ல. கோயில்ல அவங்களுக்கு வேலை இல்ல, அவ்வளவுதான். உக்காரு, சத்தம் போடாத, போனை உள்ள வை. பதினஞ்சு வயசுப் பையன்கிட்ட இந்த மூணையும் சொன்னா அவன் வெளிய போயி நிப்பான். வெளிய நிக்கிற பையனை யாராவது ஒருத்தன் கூப்பிடத்தான் செய்வான். எப்படிப்பட்டவன் கூப்பிடுவான்னு நம்ம எல்லாருக்கும் தெரியும், இங்க எழுத வேண்டாம்.

அதனாலதான் கமிட்டியில கேட்டேன். பின்னால இருக்குற இடம் திங்கள்ல இருந்து வியாழன் வரைக்கும் சாயங்காலம் சும்மாதான் கிடக்கு. ரெண்டு கோல் கம்பம் வைக்க அனுமதி கொடுங்க, கோயில் காசு ஒரு வெள்ளி வேண்டாம்னு சொன்னேன். ஃபுட்சல் கோர்ட்டு மணிக்கு 70 வெள்ளி கேக்குறாங்க, இந்தப் பிள்ளைங்க எங்க போவாங்க? ஒரு பெரியவர் ஒத்துக்கவே இல்ல. "பந்து மதில்ல பட்டா சாமி குத்தம்"னார். அவர் இந்தக் கோயில் அஸ்திவாரத்துக்கு மண்ணு சுமந்தவர். எதுத்துப் பேச எனக்கு வாய் வரல. கடைசியில குருக்கள்தான், "பூஜை நேரத்துல சத்தம் இருக்கக் கூடாது. மத்தபடி பிள்ளைங்க விளையாடுறத அம்பாள் பாக்கட்டுமே"ன்னார். குருக்கள் தமிழ்நாட்டுக்காரர். அவருக்குக் கிரிக்கெட் தவிர வேற எதுவும் விளையாட்டே இல்ல, அது தனிக் கதை.

பழைய குழாய் கிடைச்சுது. வெட்டி, ஒட்டி, வெள்ளைச் சாயம் அடிச்சு ரெண்டு ஞாயித்துக்கிழமையில முடிச்சேன். வலை மட்டும் மூணு குடும்பம் சேர்ந்து வாங்கினோம். ஆறரைக்குப் பந்து நிக்கணும். குழாயடியில கை கால் கழுவணும். சட்டை போட்டுக்கிட்டு உள்ள வர்றவன் வரலாம், வராதவன் வீட்டுக்குப் போகலாம். கட்டாயம் கிடையாது.

பதினோரு பேர் வர்றாங்க. ஆரத்தி வரைக்கும் நிக்கிறது ஆறு பேர், சில நாள் நாலு. தேவாரம் பாடுறாங்களான்னு கேக்காதீங்க, பாடல. ஆனா போன பௌர்ணமி அன்னதானத்துல 500 பேருக்குச் சமையல், 50 கிலோ அரிசி. வடிச்ச சோத்தைச் சூட்டோட மூடி வெச்சா வேர்த்துக் கெட்டுடும், பாயில பரப்பி ஆற விடணும். அந்த வேலை முழுக்க இவங்கதான். அண்டா கழுவினதும் இவங்கதான். மூணு பேரு சேர்ந்து ஒரு அண்டாவுக்குள்ள இறங்காத குறை. என் இடுப்புக்கு அன்னிக்குத்தான் விடுமுறை.

அதுல ஒரு பையன். பேரு வேண்டாம். அப்பா வீட்டுல இல்ல. அண்ணன் இருக்குற இடத்தை யாரும் கேக்க மாட்டோம். அம்மா ரெண்டு வேலை பாக்குறாங்க. முதல் நாள் பந்து ஆட மட்டும்தான் வந்தான். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டதுக்கு, "வேண்டாம் அங்கிள், வீட்டுல சாப்பிட்டுட்டேன்"னான். ரெண்டாவது வாரம் சின்னவன் அவன்கிட்ட ஒரு வாளி சாம்பாரைக் கொடுத்து, "நீ இந்த வரிசைக்கு ஊத்து"ன்னு சொன்னான். கூப்பிடல, வேலை கொடுத்தான். எனக்கு அது தோணலை பாருங்க. ஊத்தி முடிச்ச பையன் தானா பந்தியில உக்காந்து, ரெண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான். இப்ப பரிமாறுற வரிசையில யாரு எங்க நிக்கணும்னு அவன்தான் சொல்றான். எனக்கும் சேர்த்து.

சின்னவனுக்கு இந்த வருசம் மாவட்டக் குழுவுல இடம் கிடைக்கல. பட்டியல் வந்த அன்னிக்கு வீட்டுக்கு வந்து பேசாம ரூமுக்குள்ள போயிட்டான். நானும் ஒண்ணும் கேக்கல. வீட்டுக்காரம்மா தோசை சுட்டு, சில்லி சாஸ் பாட்டிலைப் பக்கத்துல வெச்சாங்க. ஏழு தோசை உள்ள போச்சு. மறுநாள் சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கோயில் பின்னால பந்துச் சத்தம் கேட்டுச்சு.

அந்தப் பெரியவர் இன்னும் என்கிட்ட சரியா பேசுறதில்ல. பந்து ஒரு தடவை மடப்பள்ளி ஜன்னல்ல பட்டது உண்மைதான், கண்ணாடி உடையல. அங்க கம்பி வலை அடிச்சாச்சு. ஆனா போன செவ்வாய் அவர் நாற்காலியைப் பின்பக்கம் நகர்த்திப் போட்டு உக்காந்திருந்தார். காத்து நல்லா வருதாம். ஒரு பையன் கோலுக்கு வெளிய அடிச்சப்ப அவர் "ச்சே"ன்னது எனக்குக் கேட்டுச்சு.

மாசி மகம் வருது. தெலுக் பாத்தேக் கடற்கரையில எவ்வளவு கூட்டம் வரும்னு உங்களுக்கே தெரியும். கடல் காத்துக்கு அடுப்பு நிக்காது, நாலு பக்கமும் தகரம் வெச்சு மறைக்கணும். தகரம் பிடிக்க, தண்ணீர்ப் பந்தலுக்கு, குப்பை எடுக்க, மூணுக்கும் பிள்ளைங்க பேரைக் கொடுத்தாச்சு. இன்னும் பத்துப் பேர் வேணும். உங்க வீட்டுல பதிமூணுல இருந்து பத்தொன்பது வயசுக்குள்ள யாராவது இருந்தா வியாழக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பின்பக்கமா அனுப்பி வைங்க. காலணி இல்லைன்னாலும் பரவால்ல, ரெண்டு மூணு ஜோடி பழசு இருக்கு. பந்து முடிஞ்சதும் எட்டு மணிக்குக் காய்கறி வெட்டு. பெரியவங்க வரும்போது கத்தியும் வெட்டுப் பலகையும் கொண்டு வாங்க, போன தடவை பத்தல. ராத்திரிக்கு இட்லி, சாம்பார். சில்லி சாஸும் இருக்கும்.