துண்டும் மீட்பும்

எபேசியர் முதலாம் அதிகாரத்தின் 3 முதல் 14 வரையான வசனங்கள் கிரேக்க மூலத்தில் நிற்காமல் ஓடும் ஒரே வாக்கியம். கிறிஸ்துவை விசுவாசிப்பவர் பெற்ற ஆவிக்குரிய ஆசீர்வாதங்கள் அதில் வரிசையாக வருகின்றன: தெரிந்துகொள்ளப்பட்டது, பிள்ளையாக ஏற்கப்பட்டது, மீட்பு, பாவமன்னிப்பு, சுதந்தரம், ஆவியின் முத்திரை. பிரசங்கம் ஆயத்தம் பண்ணுகிறவர்கள் முதலில் பார்க்கவேண்டியது, இவை ஏற்கெனவே கொடுத்தாயிற்று என்று பவுல் பேசுவதைத்தான். நம் மேடைகளிலோ எல்லாம் இனிமேல் வரப்போகிறவை: காணிக்கை போடுங்கள், விசா வரும், வீடு வரும். கொடுத்தாயிற்று என்று சொல்கிற பவுலோ காவலில் இருக்கிறார் என்று அதே நிருபம் காட்டுகிறது; அவருக்கே கதவு திறக்கவில்லை.

கொடுத்தாயிற்று என்பதைக் கேட்பவர் நம்ப, அவருடைய சரித்திரத்திலிருந்தே பேசவேண்டும். இலங்கையில் பல்லேகமவிலிருந்து இலுக்கும்புர, ரிவர்ஸ்டன் வழியாக மலை ஏறி இறங்கினால் இரத்தோட்டை, மாத்தளைப் பக்கத் தோட்டங்கள். அங்கே மீட்பை விளக்க ரோமாபுரியின் அடிமைச் சந்தைக்குப் போகத் தேவையில்லை. அந்நாளில், ஆள் சேர்க்கும் கங்காணியிடம் வாங்கிய முன்பணம் தொழிலாளியின் கடனாக நிற்கும். அவர் வேறு தோட்டத்துக்குப் போக, இவ்வளவு கட்டினால் விடுகிறேன் என்று துரை ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார். புதிய தோட்டம் பணத்தைக் கட்டும்; ஆள் மாறுவார், கடனும் அவரோடேயே போகும். 1921இல்தான் சட்டம் அந்தத் துண்டை ஒழித்தது. பவுல் சொல்லும் மீட்பில் கடன் இன்னொரு எசமானின் கணக்கில் ஏறுவதில்லை, கணக்கே தீர்ந்துபோகிறது. காணிக்கைக்குக் கைம்மாறாக ஆசீர்வாதம் என்று பேசும் பிரசங்கியார், தெரிந்தோ தெரியாமலோ, கடவுளைப் புதிய தோட்டத்துத் துரையாக்கிவிடுகிறார்.

சம்பளம் கேட்கிறவனுக்குப் பரலோகத்தைக் காட்டி வாயடைக்கிற வேலைதானே இது என்று கேட்பார்கள். கேட்க நியாயம் உண்டு. 1854இல் இந்தத் தோட்டங்களுக்கென்று தொடங்கிய தமிழ் கூலி மிஷனுக்குத் தோட்டத் துரைமாரின் பணமும் வந்தது. ஆனால் அதே நிருபத்தின் ஆறாம் அதிகாரம், வேலைக்காரருக்குப் புத்தி சொன்ன கையோடு எசமான்களையும் பிடிக்கிறது: மிரட்டாதே, உனக்கும் மேலே ஒரு எசமான் இருக்கிறார், அவரிடம் முகதாட்சணியம் இல்லை. முந்தைய வசனத்தோடு நிறுத்திக்கொண்டால் குற்றம் பிரசங்கியாருடையது, நிருபத்துடையது அல்ல. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. பாக்கி நின்றவர்களுக்கு வழிவிட்ட சட்டம் 2003இல்தான் வந்தது. இரண்டாம் அதிகாரமோ அந்நியர் இனி அந்நியரல்ல என்கிறது. அதை வாசித்துவிட்டு, பரலோகக் குடியுரிமை இருக்கிறதே, மனு எதற்கு என்று சொல்லியிருந்தால், அது வேதத்தை அரசாங்கத்துக்கு வாடகைக்கு விட்டதாகும். கடவுள் வீட்டாரென்று ஏற்றுக்கொண்டவரை நாடு வெளியே நிறுத்துவது தகாது என்று சொல்லவே அந்த அதிகாரம் இடம் தருகிறது.

பவுலின் ஆசீர்வாத வரிசையில் பிரசங்கிக்கக் கடினமானது சுதந்தரம், அதாவது உரிமைச் சொத்து, அதுவும் பல்லேகமவில். களுகங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய ஊரையே விட்டு எழும்பிய இடம் அது. வயல் போனவரிடம், அழியாத சொத்து மேலே இருக்கிறது என்று எடுத்த எடுப்பில் சொன்னால், போனது ஒன்றுமில்லை என்றுதான் அவர் காதில் விழும். முதலில் அந்த வயலை வயலாகவே பேசவேண்டும்: வரப்பு, வாய்க்கால், நட்டஈடு எல்லாவற்றோடும். பவுலின் வாக்கியத்துக்கு அதன் பிறகு வரலாம்.