இரு காலம் பேசும் மலைநாடு

இளைஞர் விரும்பிப் படிக்கும் மர்ம நாவல்களில் ஒரு வகை உண்டு. ஓர் அத்தியாயம் இன்று நடக்கும். அடுத்தது நூறாண்டுக்கு முன் நடக்கும். பழைய பெட்டியொன்றில் ஒரு கடுதாசி அகப்படும். பேரப்பிள்ளை அதன் பொருளைத் தேடிப் புறப்படுவான். ஈற்றில் இரு காலங்களும் ஓரிடத்தில் வந்து கூடும். இத்தகைய கதைக்குக் களம் தேடுவோர் வேறெங்கும் அலைய வேண்டியதில்லை; நமது மலைநாட்டுக்கு வந்தாற் போதும்.

நானுஓயாவில் இரயிலேறி அட்டனை நோக்கி இறங்கினோம். வட்டகொடை, தலவாக்கலை, கொட்டகலை என நிலையங்கள் கழிந்தன. இருமருங்கும் தேயிலைச் செடிகள்; அவற்றின் நடுவே லயங்களின் தகரக் கூரைகள். கொட்டகலை தாண்டியபின் வண்டி நீண்டதொரு சுரங்கத்துள் நுழைந்தது. ஆங்கிலத்தில் அதன் பெயர் பூல்பாங்க். தமிழர் வாயில் அது சிங்கமலை. ஓரிடத்துக்கு இரு பெயர்! துப்புத் துலக்குவோனுக்கு இதுவே முதல் தடயம். ஏட்டில் எழுதியவர் ஒருவர். வாய்மொழியாய் வழங்கியவர் வேறொருவர்.

ஏட்டில் உள்ளவர் கதை யாவரும் அறிந்தது. ஸ்கொத்லாந்திலிருந்து 1852இல் வந்த ஜேம்ஸ் டெய்லர், 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1892இல் மாண்ட அவருக்குக் கண்டி மகியாவையில் கல்லறை இருக்கிறது. அவருடைய காலத்தில், தமிழகத்திலிருந்து தோணியேறி மன்னார்ப் பக்கம் இறங்கிக் காட்டுவழியே கால்நடையாக மலையேறியவர் ஆயிரமாயிரவர். வழியிலேயே மாண்டவர்க்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை.

ஆயினும் தடயமே இல்லையென்று சொல்லிவிட முடியாது. அக்காலத்தில் தொழிலாளி தோட்டம் மாற வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். அவன் பட்ட கடனைக் கட்டினால் விடுவிப்போம் என்று பழைய தோட்டம் எழுதித் தரும் சீட்டு அது. 1921இல் அம்முறை ஒழிந்தது. அன்று மனிதனைக் கட்டிப்போட்ட காகிதம், இன்று ஒரு பேரன் கையில் கிடைக்குமாயின், பூட்டனார் எத்தோட்டத்தில் இருந்தார் என்று சொல்லக்கூடிய சாட்சி ஆகிவிடும். தோட்டத்துச் செக்ரோல் புத்தகமும் அவ்வாறே.

இத்தேடல் வெறும் பொழுதுபோக்கன்று. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரிடம் இதே கேள்வியைத்தான் கேட்டது. இந்நாட்டிற் பிறந்திருந்தாற் போதாது. தந்தை இங்கே பிறந்தவரா? அன்றேல், தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்களா? நிரூபிக்க வேண்டும் என்றது. லயத்து அறையிற் பிறந்த பூட்டனுக்குப் பிறப்புச் சான்றிதழை எங்கே தேடுவது? கேள்விக்கு விடை சொல்ல இயலாதோர் நாடற்றவராயினர். 1964இல் சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. ஒரே குடும்பத்தில் அண்ணன் கப்பலேறவும் தம்பி இங்கே நிற்கவும் நேர்ந்தது. எஞ்சியோரின் குறை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே தீர்ந்தது.

முன்னோரின் வருகையை எழுதியவர் இல்லாமலில்லை. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யும், கோகிலம் சுப்பையா 1964இல் எழுதிய 'தூரத்துப் பச்சை'யும் இத்தோட்டங்களைப் பேசுவன. ஆனால் அந்தத் துயரை இன்றைய பள்ளிப்பிள்ளை ஒருத்தி துப்பறிந்து காணும் நாவல் இன்னும் நிறைய வரவேண்டும்.

எழுத விரும்பும் மாணவர்க்கு ஒரு வழி சொல்வோம். கம்பளைக்கு அருகே, பழைய லயமொன்றில், தோட்டத் தொழிலாளர் அரும்பொருட்சாலை உண்டு. அங்கே முன்னோர் புழங்கிய பொருள்களைப் பாருங்கள். அதற்கும் முன்னே வீட்டுத் தகரப்பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கும் கடுதாசிகளை ஒவ்வொன்றாக எடுத்து, 'அப்பாயி, இது யாருடையது?' என்று கேளுங்கள். பெட்டி எங்கும் போய்விடாது. விடை சொல்லும் அப்பாயிக்குத்தான் வயது ஏறிக்கொண்டிருக்கிறது.